இப்போதைக்கு ஒரு பிரிட்ஜ்

என் சித்தப்பா வீட்டுச் சுவரில் ஒரு ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கொக்கியில் தொங்கும். கல்யாண போட்டோ அலமாரி மேல் சுவரில் சாய்ந்து நிற்கும். பல்லி ஓடினால் குப்புற விழும். சித்தி எடுத்து நிறுத்துவாள், அடுத்த பல்லி வருகிறவரை நிற்கும். ஒரு ஆணி அடித்தால் என்ன என்று யார் கேட்டாலும், "அடிச்சுட்டா அடிச்சதுதானேம்மா, இப்போதைக்கு இருக்கட்டும்" என்பார். விவரம் தெரிந்த நாள் முதல் நான் அதிகம் கேட்ட வார்த்தை அந்த 'இப்போதைக்கு'தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே காம்பவுண்டு. நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் கிளம்பியபோது அவர் ராணுவ ஸ்டோரில் குமாஸ்தா. ஸ்டோரைப் பூனாவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று எவனோ ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். சித்தப்பா பாதிச் சாமானைப் பெட்டியில் கட்டினார். ஸ்டோர் எங்கும் போகவில்லை. பெட்டிகளை யாரும் பிரிக்கவும் இல்லை. நான் பள்ளிக்கூடம் முடித்து, ட்ரெயினிங் முடித்து, டீச்சராகவும் ஆகிவிட்டேன். சித்தியின் சீதனப் பீங்கான் தட்டுகள் இன்னும் வைக்கோலுக்குள் கிடந்தன. அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டிலிருந்துதான் தட்டு போகும்.

பேன்ட் தைக்கக் கொடுத்தால் கீழ் மடிப்பை நிரந்தரமாகத் தைக்கக் கூடாது, நூலோட்டி மட்டும் கொடு என்பார் டெய்லரிடம். தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாமாம். "ஐம்பது வயசுக்கு மேல சார் வளரப் போறாரா?" என்று டெய்லர் என்னைக் கேட்டான். காம்பவுண்டில் ஒரு செவலை நாய் வந்து ஒண்டியது. பெயர் வைக்கலாம் என்றேன். "இப்போதைக்கு நாய்னே கூப்பிடு" என்றார். கடைசிவரை அது நாயாகவே இருந்து செத்தது.

"தாலியையே முடிச்சுப் போடாம சும்மா மாட்டி விட்டிருப்பாரு, பாதிரியார் முறைச்சுப் பாத்துட்டு நின்னதால கட்டுனாரு" என்பாள் சித்தி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தத் தட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிக்க மாட்டாள்.

மோசமான மனிதர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அதற்கும் வழியில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது அப்பாவே ஆபீஸ் போனார்; சித்தப்பா லீவு போட்டுவிட்டு என் கட்டிலருகில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையைக் கொட்டை நீக்கி ஊட்டினார். ஒரு பெண் மேடையில் கிடார் வாசிப்பதாவது என்று வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, "புள்ள நல்லாத்தானே வாசிக்குது" என்று சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

அந்த எலெக்ட்ரிக் கிடாரே அவருடையது. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அந்த நாட்களில் மாதம் ஒரு குடும்பமாவது அப்படிக் கிளம்பும். வராந்தாவில் நாற்காலி, மெத்தை, பூந்தொட்டி எல்லாம் விற்பனைக்கு வந்துவிடும். சித்திக்குக் கறி வைக்கக் கம்பிவலை அலமாரி வாங்கப் போன சித்தப்பா, ஒரு கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிறு பருத்த, செம்மண் நிறத்தில் பளபளக்கிற ஜெர்மன் கிடார். "அலமாரி எங்க?" என்றாள் சித்தி. "இப்போதைக்கு இது" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்காகத்தான் வாங்கினார். ஆனால் உனக்குத்தான் என்று வாயைத் திறந்து கொடுக்கவும் இல்லை. அது அவர் வீட்டில், அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. ரேடியோவின் பின்பக்கம் கிராமபோன் செருகுகிற ஓட்டையில் வயரைச் செருகிவிட்டு, நான் தினமும் சாயங்காலம் அங்கே போய் வாசித்தேன்.

சர்ச் ஆள் ஒருவருடைய கல்யாண ரிசப்ஷனில் என் வாசிப்பைக் கேட்ட ஒரு பேண்ட் மாஸ்டர், ஒரு கிளப்பின் சனிக்கிழமை டான்ஸுக்கு வாசிக்கிறவர், என்னைக் கூப்பிட்டார். அவருடைய கிடார்காரன் ஊரை விட்டுப் போய்விட்டான். "வந்து வாசிச்சுக் காட்டுமா. புடிச்சிருந்தா அந்தச் சேர் உன்னுது" என்றார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. டிரம்ஸும் சாக்ஸபோனும் பின்னால் முழங்க, ரேடியோப் பெட்டியில் இல்லாமல் நிஜமான ஆம்ப்ளிஃபயரில் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். இவ்வளவு ஆசையோடு நான் வேறு எதையும் கேட்டதில்லை.

அந்த வாரமே கிடாரின் பிரிட்ஜ் உடைந்தது. கம்பிகள் அடிப்பக்கத்தில் ஏறி உட்காருகிற, தன் கனத்திலேயே அசையாமல் நிற்கிற உலோகத் துண்டு அது. வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள். புதுக் கம்பியை முறுக்கும்போது நடுவில் விரிசல் விட்டு, 'டிக்' என்று இரண்டாகப் போனது. சித்தப்பா இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வா, பாத்துட்டு வரலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் முதல் கடையிலேயே செத்தது. கண்டோன்மென்ட் பஜாரில் வாத்தியக் கடைக்காரர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த சைஸ் வர்றதில்ல சார். எல்லாம் பாரின் மாடல். இப்ப இம்போர்ட்டே இல்லியே" என்றார். பிறகு ஒரு மர பிரிட்ஜ் எடுத்து வைத்தார். கருங்காலியில் செய்தது. அதற்கு ஆணி, திருகு எதுவும் வேண்டாம். கிடாரின் வயிற்றில் சும்மா நிறுத்திவிட்டுக் கம்பியை ஏற்றினால், கம்பியின் அழுத்தத்தில் நிற்கும்.

"ஓட்டை கீட்டை போட வேண்டாமா?" என்றார் சித்தப்பா.

"வேண்டவே வேண்டாம் சார். எப்ப வேணா எடுத்துடலாம்."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது, உடனே வாங்கிவிட்டார். மெதுவாகத் தடவி வாசிக்கிறவர்களுக்கு அது சரி. டான்ஸுக்கு வாரி அடிக்க வேண்டும். அடிக்கிற அடியில் அது நகரும். நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை வழியெல்லாம் விளக்கினேன். தலைப்பக்கத்திலிருந்து, விரல் வைக்கிற கட்டங்களில் பன்னிரண்டாவது வரைக்கும் எவ்வளவு நீளமோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் கிட்டத்தட்ட அதே நீளம் இருக்க வேண்டும். பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டால் முதல் மூன்று நான்கு கட்டங்களில் யாருக்கும் தெரியாது. மேலே போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போய்க் காதைக் கிழிக்கும். "அதுக்கு இருக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான் சித்தப்பா" என்றேன்.

"நமக்கென்னம்மா தெரியும். நீ எங்க வைக்கிறியோ அதான் இடம்" என்றார்.

மறுநாள் நீலசந்திராவில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டோருக்கு வேலை செய்து கொடுத்த பழக்கத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். பாய் உடைந்த துண்டுகளைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார், இரண்டே நாளில் பித்தளையில் ஒன்று கடைந்து வைத்துவிட்டார். கம்பிக்கு ஒரு பள்ளமாக ஆறு பள்ளம், இரண்டு பக்கமும் திருகுக் கால், உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"கால் எறங்க ரெண்டே ஓட்டை சார். கொசு கடிச்ச மாதிரி" என்றார் பாய், கையில் டிரில்லோடு.

சித்தப்பா கிடாரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மூடினார். "கொசு கடிச்சா ஆறிடும் பாய். இது ஆறாதே."

"அரே, இதுல ஆறறதுக்கு என்ன சார் இருக்கு. மரம்தானே."

"நாளைக்கே ஒரிஜினல் கெடைச்சா? இந்த ஓட்டைய என்ன பண்றது?"

"சித்தப்பா, ஒரிஜினல் கிடைக்காது. கடைக்காரர் சொன்னாரில்ல" என்றேன்.

"இப்போதைக்குக் கிடைக்காதுன்னாரு."

பாய் டிரில்லை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பித்தளை பிரிட்ஜ் சித்தப்பாவின் பையில் போனது. கிடாரில் கருங்காலி ஏறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. பன்னிரண்டாவது கட்டத்தைப் பார்த்துப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, நானே அதைச் சரியான இடத்தில் நிறுத்தினேன். மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை கிளப்பில் முதல் பாட்டு பாதி தாண்டுவதற்குள் நகர்ந்துவிட்டது. வாரி வாரி அடித்ததில் கருங்காலி அரை விரற்கடை முன்னால் வந்து நின்றது. கொஞ்சம் மேல் கட்டத்துக்கு நான் போனதும் சாக்ஸபோன்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாஸ்டர் நல்லவர். கிட்டே வந்து பார்த்தார். "ரிதம் ஃபைன்மா. கை நல்லா பேசுது. ஆனா இது என்ன, கழண்டு போன பல்லு மாதிரி ஆடுது? அடுத்த சனிக்கிழமை வா. அன்னைக்கு மேல் கட்டத்துல டியூன் வாசிக்கச் சொல்லுவேன். பிரிட்ஜை ஃபிக்ஸ் பண்ணிட்டு வா. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது, பம்பாயிலேருந்து ஒரு பையன் வரேன்னு எழுதியிருக்கான்."

வீட்டுக்கு வந்து கிடாரைச் சித்தப்பாவின் கட்டிலில் போட்டேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு பாப்பா?" என்று கேட்டதுதான் தாமதம், எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது.

"என்ன ஆகும்? உங்க இப்போதைக்கு நகந்து போச்சு. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு. ரெண்டு ஓட்டை சித்தப்பா. ரெண்டே ரெண்டு ஓட்டை. ஒருத்தருக்காக ஒண்ணு, ஒரே ஒண்ணு, இதான்னு முடிவு பண்ண மாட்டீங்களா? சித்தியோட தட்டு வைக்கோல்ல கெடக்கு. நாய்க்கு ஒரு பேர் இல்லாம போச்சு. எனக்கு இந்தக் கிடாரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னை அடக்கவில்லை. சித்தப்பா பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "சரிம்மா" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னாள். சாப்பிடாவிட்டால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்று அலைந்தேன். எலெக்ட்ரிக் கிடார் என்ன அரிவாள்மணையா, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் சனிக்கிழமை வேறு வேறு இடத்தில் வாசிக்கிறவர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, சித்தப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தளை பிரிட்ஜ் கிடாரின் வயிற்றில் ஜம்மென்று மின்னியது. அடியில் ஒரு கருங்காலிக் கட்டை. அந்தக் கடை பிரிட்ஜையே அறுத்து அடிக்கட்டையாக்கி, வஜ்ரம் போட்டு ஒட்டி, அதன் வழியாகத் துளைத்துத் திருகுக் காலை இறக்கியிருந்தார்.

"பாய் போட்டாரா?" என்றேன்.

"நானே போட்டேன். நேத்து வெள்ளிக்கிழமையா, பாய் தொழுகைக்குப் போயிட்டாரு. அவர் வர்றவரைக்கும் உக்காந்திருந்தா எனக்கு மனசு மாறிடும். அதான் டிரில்ல எடுத்துக் கண்ணை மூடிக்கிட்டு... கண்ணை மூடல, சும்மா சொல்றேன்." அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "கம்பியக் கழட்டறதுக்கு முன்னாடியே பென்சில்ல கோடு போட்டு வச்சுக்கிட்டேன். நீ கட்டில்ல போட்டியே, அப்ப அது எங்க நின்னுச்சோ அதே இடம். ஒரு நூல் கூட விலகல. இந்தா, ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாசித்துப் பார்த்தேன். சுருதி சேர்த்துச் சும்மா மீட்டினால் சரி. முதல் கட்டம் சரி, மூன்றாவது கட்டம் சரி. பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தேன். சுருதி எகிறி நின்றது. கிளப்பில் நகர்ந்து வந்து நின்ற இடத்தில், அந்த அரை விரற்கடைத் தப்பில், அதை ஒட்டித் துளைத்து அசையாமல் பண்ணியிருந்தார் மனிதர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முடிவு பண்ணி, அதை இப்படிப் பண்ணியிருந்தார். பழைய கருங்காலியை நிறுத்தலாம் என்றால் அதையும் அறுத்தாகிவிட்டது. வஜ்ரம் கல்லாய் இறுகியிருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சவரம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்.

"சரியா இருக்கா பாப்பா?"

கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. கிடாரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. "சரியா இருக்கு சித்தப்பா" என்றேன்.

"நானும் வரேன். இன்னைக்குக் கேக்கணும்" என்று எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கிளப்பில் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். முதல் பாட்டுக்கு ரிதம் வாசித்தேன். நாலாவது கட்டத்தைத் தாண்டவில்லை. நன்றாகவே வந்தது. நிஜ ஆம்ப்ளிஃபயர், பின்னால் டிரம்ஸ், நான் கேட்டதெல்லாம் அந்த ஒரு பாட்டு நேரம் எனக்குக் கிடைத்தது. டிரம்மர் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"பிரிட்ஜ் பக்கா" என்றார். "இப்ப அந்த டியூனை எடும்மா. மேலே போ."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, துணி சுற்றின கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேலே போனால் சுருதி எகிறும். எகிறினால் மாஸ்டர் கிட்டே வந்து பார்ப்பார், இதைத் தப்பான இடத்தில் துளைத்த முட்டாள் யார் என்று கேட்பார். அந்த ஆள் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"மேல எனக்கு வராது சார்" என்றேன்.

"வராதா? போன வாரம் போனியே?"

"தெரியாம போயிட்டேன் சார். அதான் அப்படி ஆச்சு. எனக்கு ரிதம் மட்டும்தான் வரும்."

மாஸ்டருக்கு ஏமாற்றம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டியூன் வாசிக்கிற ஆள் வேணும்மா எனக்கு. சொல்லியிருக்கலாமே" என்றார். சாக்ஸபோன்காரர் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன்.

திரும்பி நடக்கும்போது கிடாரைச் சித்தப்பாதான் தூக்கி வந்தார். எந்த நேரமும் அவரைத் திட்டிவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தெரு முனை வந்ததும் அவர் என் தோளைத் தட்டினார்.

"விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் எடுத்தவுடனே வந்துடுமா? நல்ல மாஸ்டரா ஒருத்தர்கிட்ட நானே சேத்து விடறேன், மேல வாசிக்கக் கத்துக்க" என்றார். பிறகு கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார். "கிடார்ல இனி ஒரு குறையும் இல்ல. உனக்குக் கத்துக்கறது ஒண்ணுதான் பாக்கி."

"ஆமா சித்தப்பா" என்றேன்.